கதவு அலாரத்துக்குள் கிடைத்த சுவிட்ச்

இன்று எழுந்ததும் முதல் வேலையாக, என் பழைய செஸ் கம்ப்யூட்டரில் பலகையில் வேலை செய்யாத அந்த ஒரு கட்டத்தில் ராணியை வைத்துப் பார்த்தேன். வழக்கம்போல் மெஷின் கண்டுகொள்ளவில்லை.

ஒவ்வொரு கட்டத்துக்கு அடியிலும், காயிலுள்ள காந்தத்தை உணரும் சின்னக் கண்ணாடி சுவிட்ச் உண்டு. அங்கே மட்டும் அது உடைந்திருந்தது.

"இந்த வாரமும் ஓடலைன்னா எடைக்குப் போட்ருவேன்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

ஆரப்பாளையம் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அந்த சுவிட்ச் தனியாக இல்லை. கதவு அலாரத்துக்குள் அதேதான் இருக்கும் என்று படித்திருந்ததால், ஒரு அலாரம் கேட்டேன்.

"திருட்டுப் பயமாக்கா?"

"இல்ல தம்பி, செஸ் ஆடணும்."

"அலாரத்தோடயா? நல்லாருங்கக்கா."

வீட்டுக்கு வந்து அலாரத்திலிருந்து சுவிட்சைக் கழற்றி, உடைந்ததற்குப் பதிலாக சால்டர் செய்து, ராணியை மறுபடி அங்கே வைத்தேன். மெஷின் 'பீப்' என்றது. உடனே என் ராணியை வெட்டியது. அப்படியொரு நிம்மதி!

ஆன்லைனில் இதேபோல் இன்னொரு செஸ் மெஷின், பழுதானது, விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கிவிடப் போகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

தயவுசெய்து இந்தப் பதிவில் என் வீட்டுக்காரரை டேக் செய்யாதீர்கள்.