ஒரு ‘ஓம்’ சொல்ல ஒன்பது நாள்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு சம்பந்தம் பேசினோம். மாப்பிள்ளைக்கு வயது நூறுக்கு மேல்!

பதற வேண்டாம்… மாப்பிள்ளை ஒரு கல்லூரி. கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். போனில் வரைபடத்தை இரண்டு விரலால் விரித்துப் பெருப்பித்தால்தான் ஊரின் பெயரே தெரியும். பெண், என் மகள் மதுரா. பதினேழு வயது, ஹைஸ்கூல் கடைசி வருடம்.

அவளுக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று இங்கேயே ரொறன்ரோவில், பெரிய யூனிவர்சிட்டி, லைஃப் சயன்ஸ். மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக்கு முன்னால் பஸ் ஏறினால் கம்பஸில் இறங்கலாம். மத்தியானம் வந்து சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் போகலாம். மற்றது இந்த மாப்பிள்ளை. இரண்டு மணி நேரம் பிளேன், அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் கார். லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு. முழுக் கல்லூரியிலும் இருக்கிற பிள்ளைகளைக் கூட்டினாலும் மதுராவின் ஹைஸ்கூலைவிடக் குறைவுதான்.

எங்கள் தலைமுறைக்கு ‘ஆர்ட்ஸ்’ என்றாலே கொஞ்சம் அலர்ஜி. யாழ்ப்பாணத்தில் ஏ.எல். படித்தவர்களுக்குத் தெரியும்… பயோ, மற்ஸ், இரண்டும் சரிவராவிட்டால் கொமர்ஸ். ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளையைப் பற்றி வீட்டில் சத்தமாகக் கதைக்க மாட்டார்கள். நானே ஆர்ட்ஸ்தான், அதனால் தெரிந்துதான் சொல்கிறேன்.

“அங்க போய் என்ன பிள்ளை படிக்கப்போறாய்?” என்று கேட்டார் என் கணவர். அவருக்கு மிசிசாகாவில், ஏர்போர்ட் பக்கம் வேலை. எந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போகிறது என்று லேபிள் பார்த்து அனுப்புகிறவர். லேபிள் இல்லாத பெட்டியைக் கண்டால் அவருக்கு நித்திரை வராது.

“ஃபர்ஸ்ட் இயர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அப்பா. ஃபிலோசஃபி, மியூசிக், ஜியோலொஜி… பிறகுதான் டிசைட் பண்ணோணும்.”

“அப்ப இன்னும் டிசைட் பண்ணேல்ல?”

“நோ! தட்ஸ் த பொயின்ற் அப்பா.”

 அவர் என் பக்கம் திரும்பி, “அம்மா என்ன சொல்லுறாவோ அதுதான்” என்றார். சாமர்த்தியத்தைப் பாருங்கள்! இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் இந்த வசனத்தை அவர் ஒரு நல்ல காரியத்துக்கும் பாவித்ததில்லை.

மதுராவும் அதையே பிடித்துக்கொண்டாள். “ஓம் அம்மா. நீங்க ஓம் எண்டாத்தான் போவன். ப்ரொமிஸ்.”

அன்றைக்குப் புதன்கிழமை. அடுத்த கிழமை வெள்ளிக்குள் பதில் அனுப்பவேண்டும். கையில் ஒன்பது நாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். ‘பிள்ளைகளை அவர்கள் விரும்பியதைப் படிக்க விடுங்கள்’ என்று இதே பத்தியில் நான் எத்தனை தரம் எழுதியிருப்பேன்? ஐயா… அது உங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதியது!

ஃபீஸைக் காட்டித் தப்பலாம் என்று பார்த்தேன். ஸ்கொலர்ஷிப் கொடுத்திருந்தார்கள், அந்தச் சாக்கும் போய்விட்டது. ஓம் என்று சொல்ல மனம் வரவில்லை, இல்லை என்று சொல்ல நியாயம் வரவில்லை. இப்படி ஒரு நிலைமையில் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்?

விசாரிப்பார்கள்!

கலியாணம் பேசும்போது பார்த்திருப்பீர்களே. மாப்பிள்ளையிடம் ஒரு சொல் கேட்க மாட்டோம், பெண்ணிடமும் கேட்க மாட்டோம். அந்த ஊரில் எங்கட ஆட்கள் யார், அவர்களுக்கு யாரைத் தெரியும் என்று ஒரு சங்கிலி பிடித்துக்கொண்டு போவோம். நானும் அதையே செய்தேன். பிக்கரிங்கில் இருக்கிற மச்சாளுக்குப் போன் அடித்தேன். அவள் தன்னுடன் ரெயினில் வேலைக்குப் போகிற மன்னார்ப் பெண் ஒருத்தியைக் கேட்டாள். அந்தப் பெண்ணின் அண்ணன் ட்ரக் ஓடுகிறவர். அவர் போகிற வழியில் ஒரு கடையில் கோப்பி குடித்திருக்கிறார். கடைக்காரர் தமிழர். கடை இருப்பது… அதே ஊரில்! மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டோம்.

யோகன் அண்ணை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்த ஊரில் இருக்கிற ஒரே தமிழ்க் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு மூவரும் சுற்றி இருந்தோம். என் கையில் பதினான்கு கேள்விகள் எழுதிய பேப்பர்.

ஆனால் பேப்பரில் இல்லாத கேள்விதானே எங்களுக்கு எப்போதும் முதலாவதாக வரும்? “அண்ணை, ஊரில எவடம்?”

“சாவகச்சேரி, தங்கச்சி.”

என் கணவர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். “என்ர அம்மாவின்ர இடமும் அங்கதான்!” அதோடு பதினைந்து நிமிடம் போய்விட்டது. கடைசியில் யோகன் அண்ணையின் அக்காவும் என் கணவரின் சித்தியும் ஒரே ஒழுங்கையில் இருந்தவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். “அப்ப தெரிஞ்ச இடம்தான்” என்று திருப்தியாகச் சொன்னார் இவர். கல்லூரியைப் பற்றி அதுவரை ஒரு சொல் பேசவில்லை. ஆனாலும் அந்தக் கல்லூரியின் தரம் எங்கள் வீட்டில் அப்போதே உயர்ந்துவிட்டது.

பிறகு நான் பேப்பரைப் பார்த்துத் தொடங்கினேன்.

“குளிர் எப்பிடி அண்ணை?”

“ரொறன்ரோக் குளிர்தான். காத்து மட்டும் கூட.”

“கறிவேப்பிலை?”

“ஆரும் உங்கயிருந்து வந்தாத்தான்.”

“பெடியள்… குடி, வெறி?”

“வெள்ளிக்கிழமை குடிப்பாங்கள். திங்கள் விடிய கோப்பியும் புத்தகமுமா ஓடுவாங்கள்.”

“பின்னேரத்தில பொம்பிளைப் பிள்ளை தனிய நடக்கலாமோ?”

“தாராளமா. போறதுக்குத்தான் ஒரு இடமும் இல்லை.”

என் கணவருக்கு அவருடைய கேள்வி. “அண்ணை, உங்க படிச்சதுகள் முடிச்சுப்போட்டு என்னவா வருதுகள்?”

“அது எனக்குத் தெரியாது தம்பி. நாலு வருசம் என்ர கடையில சிப்ஸ் வாங்குங்கள், பிறகு காணக் கிடையாது. ஒருத்தி டொக்டரா வந்திட்டாள் எண்டு கேள்வி. ஒரு பெடியன் இஞ்சயே பக்கத்தில ஆடு வளக்கிறான். நல்ல பெடியன்.”

டொக்டர் என்ற சொல் என் கணவரின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஆடு விழுந்துவிட்டது.

பதினான்கு கேள்வியும் முடிந்தது. நன்றி சொல்லி வைக்கப் போகிற நேரம், அதுவரை வாய் திறக்காமல் இருந்த மதுரா போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

“அங்கிள்… உங்களுக்கு அங்க லோன்லியா இருக்கேல்லையா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் தெரியாத மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது?  

“இருந்தது பிள்ளை” என்றார் யோகன் அண்ணை. “மனிசி வந்து சேரும்வரைக்கும் இரண்டு வருசம். கடைக்கு வாறவையோட வெதரைப் பற்றி மட்டும்தான் கதைப்பன். ஆளில்லாத நேரம் கடை ஃப்ரிஜ்ஜோட தமிழில கதைச்சிருக்கிறன்… சிரிக்காத. பிறகு ஒரு கொலிஜ் பிள்ளை வந்து, உங்கட பேரை எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டாள். சொன்னன். பிழையாச் சொன்னாள். அடுத்த நாளும் வந்தாள். நாலு நாள் வந்து பழகிச் சரியாச் சொல்லிப்போட்டுத்தான் போனாள். அதுக்குப் பிறகு கொஞ்சம் பரவாயில்லை. இப்பவும் சில நாள் இருக்குத்தான்… உனக்கு நான் பொய் சொல்லக்கூடாது.”

“தாங்ஸ் அங்கிள்” என்றாள் மதுரா. எழுந்து மேலே தன் அறைக்குப் போய்விட்டாள்.

பதினான்கு கேள்விகளோடு இருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. குளிரைக் கேட்டேன், கறிவேப்பிலையைக் கேட்டேன். அங்கே இருக்கிற மனிதர் எப்படி இருக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லையே! அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்றும் இருந்தது. ஊர் பேர் தெரியாத ட்ரக் டிரைவர் வரைக்கும் விசாரித்த நான், மாடியில் இருக்கிற பெண்ணை விசாரிக்கவேயில்லை.

மேலே போனேன். “பிள்ளை, ஏன் உனக்கு அந்த இடம்?” என்று கேட்டேன். ஐந்தாம் நாளில்தான் இந்தக் கேள்வி!

அவள் கட்டிலில் இருந்தபடி சொன்னாள். “அங்க கிளாஸில பன்னிரண்டு பேர்தான் அம்மா. ஒரு ரேபிள், சுத்தி எல்லாரும். வாசிக்காமப் போனாத் தெரிஞ்சிடும். பேசாம இருந்தாலும் தெரிஞ்சிடும். இஞ்ச பெரிய கம்பஸுக்குப் போனா நான் ஒளிச்சிடுவன். ஃபோர் இயர்ஸும் ஒளிச்சிருந்திட்டு நல்ல மார்க்ஸோட வந்திடுவன். ஐ நோ மைசெல்ஃப்.”

எனக்கும் தெரியும். ஒவ்வொரு ரிப்போர்ட் கார்டிலும் ‘கெட்டிக்காரி, வாய் திறப்பதில்லை’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். பிறந்தநாள் பார்ட்டிக்குப் போனால் ஹோலின் கடைசி மேசையில், போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருப்பாள். அமைதியான பிள்ளை என்று நாங்கள் பெருமைப்பட்டோம். அவள் அதை ஒளிவது என்கிறாள். ஒளிய முடியாத இடத்தைத் தானே தேடிப் போகிற பிள்ளையை நான் இதற்கு முதல் கண்டதில்லை.

அப்போதே ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “பாப்பம்” என்றேன். உலகத்திலேயே தாய்மாருக்கு வசதியான சொல் அதுதான்.

ஏன் சொல்லவில்லை? இரண்டு மூன்று நாள் என்னையே விசாரித்துப் பார்த்தேன். குளிர் காரணமில்லை. ஆர்ட்ஸ் காரணமில்லை. என் கணவர் பின்னேர ஷிஃப்டுக்குப் போனால், பள்ளிக்கூடத்தால் வந்து சமையலறைக் கவுண்டரில் ஏறி இருந்து அன்றைய கதையெல்லாம் சொல்கிறவள் இவள் ஒருத்திதான். வெளியில் வாய் திறக்காத பிள்ளை என்னிடம் மட்டும் வாய் மூட மாட்டாள். அவள் போனால் நான் யாரோடு கதைப்பது? அவளுக்குத் தனிமை வந்துவிடுமோ என்று நான் பயப்படவில்லை. எனக்கு வந்துவிடும் என்றுதான் பயந்தேன். அவ்வளவுதான் விஷயம், இதைச் சொல்வதற்கு எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது.

வியாழக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. யோகன் அண்ணை!

“தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ. நானும் உங்களைப் பற்றி விசாரிச்சனான். பிக்கரிங் பக்கம் கேட்டன். நல்ல சனம் எண்டு சொன்னவை.”

சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மனிசி ஞாயிற்றுக்கிழமையில இருந்து கேட்டுக்கொண்டே நிக்கிறா. பிள்ளை வாறாவோ?”

பக்கத்தில் யாரும் இல்லை. இவர் வேலைக்குப் போய்விட்டார், மதுரா பள்ளிக்கூடத்தில். யோசிக்கிறேன் அண்ணை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஓம் அண்ணை. வாறா.”

சொல்லிவிட்டேன்! ஒன்பது நாளாகப் பெற்ற பிள்ளையும் கட்டினவரும் காத்திருந்த பதிலை, முகமே தெரியாத ஒருவரிடம் முதலில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அவர் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்கிற சத்தம் கேட்டது. போனை வைத்தேன். பிறகு மதுராவுக்கு ஒரு சொல் மெசேஜ் அனுப்பினேன். ‘ஓம்.’

வகுப்பில் போன் பார்க்கக் கூடாது. ஆனாலும் ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது.

‘அம்மா, அழுறீங்களா?’

‘இல்லை’ என்று அனுப்பினேன். உண்மையை உங்களுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன்… ஓம்.