பெரியம்மா பார்த்த படை

அம்மாவின் அக்காவான பெரியம்மாவுக்கு எங்கள் வீட்டில் 'அரை டாக்டர்' என்று பெயர். அப்பா கிண்டலாகத்தான் வைத்தார். ஆனால் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் போன் அவளுக்குத்தான் போகும். அவள் அதை ரசித்தாள் என்பது போனை எடுக்கும் தோரணையிலேயே தெரியும்.

மருத்துவமனையின் அடித்தளத்தில், நோயாளிகளிடமிருந்து எடுத்த சதைத்துண்டுகளைச் சோதிக்கும் லேபில் அவளுக்கு வேலை. துண்டை மெழுகில் புதைத்து, இறுகியதும் மூச்சுப் பட்டால் பறந்துவிடும் அளவுக்கு மெல்லிசாகச் சீவுவாள். வெதுவெதுப்பான நீரில் மிதந்து சுருக்கம் நீங்கும் சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயமேற்றி, சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்து மேல்மாடிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். என்ன நோய் என்று சொல்வது மேல்மாடி டாக்டர்களின் பாடு. லேபில் பார்த்ததை நோயாளியின் வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

அப்பாவின் நுரையீரலில் இருந்த கட்டியிலிருந்து எடுத்த துண்டும் அவள் மேசைக்குத்தான் வந்தது. அன்று மாலை கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நேராகச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

"ஏய், நான் பாத்தேன்டி. கட்டிக்குள்ள நோய் எதிர்ப்புச் செல்லு அப்படியே மொய்க்குது. ஒரு படையே உள்ள எறங்கியிருக்கு. ஒடம்பு சும்மா இல்ல, சண்டை போடுது!"

அம்மா கரண்டியைப் பிடித்தபடியே அழுதாள். ஹாலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "என்ன அண்ணி, ராணுவமே நம்ம பக்கமா?"

"ஆமா மாப்ள. நீங்க காலை நீட்டிப் படுத்துக்கங்க, மத்ததை அது பாத்துக்கும்."

பல நாளைக்கப்புறம் அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

அடுத்த வாரம் புற்றுநோய் டாக்டர், எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும் ஊசியையும் கீமோவையும் சேர்த்துத் தரலாம் என்றார். கீமோ என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவின் முகம் இறுகிவிட்டது. ஊசி மட்டும் போதும் என்று ஒரே பிடியாக நின்றார். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வெளியே வந்ததும் அப்பா, "படைதான் இருக்கே, உசுப்பிவிட்டா போதாதா?" என்று கண்ணடித்தார். பக்கத்தில் நின்ற பெரியம்மா தலையாட்டினாள்.

அடுத்த ஸ்கேனில் கட்டி பெருத்திருந்தது. இப்போதாவது கீமோவுக்குச் சம்மதியுங்கள் என்றார் டாக்டர். அப்பா அசையவில்லை. "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாப்போம். அண்ணி கண்ணால பாத்திருக்காங்க."

அந்த நாள்களில்தான் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். கூப்பிட்டால் வேலை அதிகம் என்றாள். பிறகு போனையே எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாள். எப்போதும் அப்பாவுக்கு எதிரே அமர்பவள், வாசலோரம் செருப்பு மாட்டிக்கொள்ளப் போட்டிருந்த குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மாப்ள, நான் சொன்னது தப்பு. அது நம்ம படை இல்ல."

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"பின்ன யாரோடது?"

"நம்ம ஒடம்புச் செல்லுதான். ஆனா கட்டி தன் பக்கம் இழுத்துக்கிடுச்சு. அதே துண்டுக்கு வேற சாயம் போடச் சொன்னாங்க. போட்டேன். உள்ள மொய்ச்சதெல்லாம் விழுங்குற செல்லு. குப்பையையும் கிருமியையும் தின்ன வேண்டியது அங்க கட்டிக்குச் சேவகம் பண்ணுது. ரத்தக் குழாய் போட்டுக் குடுக்குது, கொல்ல வர்ற செல்ல உள்ள விடாம மறிக்குது. கொல்ற செல்லெல்லாம் கட்டி ஓரத்துலயே வரிசையா நிக்குது, மாப்ள. கதவு தெறக்காத கடை வாசல்ல நிக்கிற மாதிரி. அதுங்கள மட்டும் தூண்டிவிட்டா பத்தாதாம். மாடி டாக்டரம்மா ஸ்லைடைப் பாத்துட்டுச் சொன்னாங்க. நான் தெரிஞ்சவ மாதிரி 'ஆமா மேடம்'னு நின்னேன்."

"அப்ப ஏன்க்கா அன்னிக்கு அப்படி வந்து சொன்ன?" அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பெரியம்மாவைத் தாக்கியிருக்க வேண்டும்.

"கூட்டத்தப் பாத்தேன். யாருன்னு பாக்கல. நல்ல சேதிய நான்தான் மொதல்ல கொண்டு வரணும்னு..." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

அப்பா டிவியை அணைத்தார். பிறகு, "விடுங்க அண்ணி. நீங்க சொல்லலன்னா நான் வேற சாக்கு தேடியிருப்பேன். பயந்தாங்கொள்ளிக்குச் சாக்கா கிடைக்காது?" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க மாப்ள. திட்டிடுங்க."

அவர் திட்டவில்லை. மறுநாள் கீமோவுக்குச் சம்மதம் சொல்லக் கிளம்பினார், அவளையும் அழைத்துக்கொண்டு.

டாக்டர் கணினியில் படங்களை நகர்த்திக்கொண்டே கேட்டார். "இவ்வளவு நாள் ஏன் வேணாம்னீங்க? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல டாக்டர். நானா நெனச்சுக்கிட்டேன்."

பெரியம்மா தரையைப் பார்த்தாள். அப்பா பொய் சொல்லும்போது காது சிவக்கும், சிவந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

"நான்தான் சொன்னேன், டாக்டர்." பெரியம்மா ஓரடி முன்னே வந்தாள். "கீழ லேப்ல வேலை பாக்குறேன். ஸ்லைடப் பாத்துட்டு நல்லாயிருக்குன்னு சொல்லிட்டேன்."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியைத் திருப்பி, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வட்டம் ஒன்று வரைந்தார்.

"இது ஒரு செல். நம்ம ஒடம்பு முழுக்க இந்த மாதிரி செல்லாலதான் ஆனது. புரியுதாம்மா?"

பெரியம்மா, "புரியுது சார்" என்றாள்.