கந்தோர் மேசையில் எடுத்த படம்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கில், ஸ்கீவ நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் மலசலகூடம் கழுவினேன். யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்குக் கந்தோரில் எழுத்து வேலை என்று எழுதி, இல்லத்துக் கந்தோர் மேசையில் பேனாவோடு இருந்து எடுத்த படத்தையும் அனுப்பினேன். படம் எடுத்தவள் ராஜி. பாலர் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் இருந்தவள், இங்கும் என்னோடு கழுவினாள்.

அம்மாவின் பதில் வந்தது. "கழுவேக்கை கையுறை போடு பிள்ளை."

கடிதத்தோடு ராஜியிடம் போனேன்.

"நீதானே எழுதினனி? படம் எடுக்கேக்கை சிரிச்சுக்கொண்டெல்லோ நிண்டனி!"

"ஓம், நான்தான். படத்திலை உன்ர கை ஏன் வெடிச்சுக் கிடக்கு, ஏதும் நோய் வருத்தமோ எண்டு அம்மா பயந்துபோய் எனக்குக் கடிதம் போட்டுக் கேட்டவ. நான் என்னத்தை எழுதுறது?"

"முதல் எனக்கெல்லோ சொல்லியிருக்கவேணும்!"



படத்தில் என் முகத்தை மட்டும் பார்த்து அனுப்பினேன். அம்மா கையைப் பார்ப்பா என்று நினைக்கவில்லை. இன்றும் ராஜிதான் என் நெருங்கிய சிநேகிதி. ஆனாலும் அவள் எனக்குத் தெரியாமல் எழுதியது இன்னும் வலிக்கிறது.

அம்மாவின் கடிதம் வந்த அடுத்த நாள் கையுறை போட்டு வேலை செய்தேன். ராஜியோடு கதைக்கவில்லை.