பத்தொன்பதாவது கையெழுத்து

எங்கள் லேனின் கடைசியில், கால்வாய்க் கரையோடு, கட்டடம் ஏறாத ஒரு துண்டுக் காணி இன்னும் இருக்கிறது. வெள்ளவத்தையில் அப்படி ஒன்று மிஞ்சியிருப்பதே அதிசயம். பின்னேரங்களில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அதைச் சுற்றி நடக்கிறவர்களில் யாராவது என்னைக் கண்டால் நின்று, நான் அரசாங்கத்துக்கு எழுதின பெட்டிசத்தால்தான் இந்த இடம் தப்பியது என்று சொல்வார்கள். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். ஒரு பொய்க்கு எத்தனை வருஷம் தலையாட்டுவது? எனக்கு அலுத்துவிட்டது.

அப்போது சண்டைக் காலம். நான் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், கலியாணம் கட்டித்தான் வெள்ளவத்தைக்கு வந்தேன். சிங்களம், இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் கடிதம் அடிப்பேன். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறைய இருந்தது. லேனில் யாருக்குத் தண்ணீர் பில் பிழையாக வந்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள்.

அந்தக் காணி பள்ளம். கங்குன் கீரையும் கோரைப்புல்லும் ஒரு பெரிய கொட்டாங்காய் மரமும்தான் அதில் இருந்தன. பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது. ஆனால் பெருமழை பெய்தால் லேனில் விழுகிற தண்ணீர் எல்லாம் அங்கே போய் நிற்கும். இரண்டு நாள் குளம் மாதிரிக் கிடந்துவிட்டு மெல்லக் கால்வாய்க்குள் இறங்கும். எங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வராததற்கு அதுதான் காரணம் என்பது, ஒரு காலை டிப்பர் வந்து சிவப்பு மண்ணைக் கொட்டின பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அரசாங்கக் காணி எப்படியோ ஒரு கம்பனியின் கைக்குப் போயிருந்தது. எட்டு மாடித் தொடர்மாடி வரப்போகிறது என்றார்கள். வீடு வாங்க வெளிநாட்டிலிருந்து எங்கள் ஆட்களே அட்வான்ஸ் கட்டிவிட்டார்களாம்.

மண் நிரம்பினால் முதல் மழைக்கே வெள்ளம் எங்கள் குசினிக்குள், அடுப்படி வரைக்கும் வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கே கந்தோரால் வந்து, தேத்தண்ணியும் குடிக்காமல் உட்கார்ந்து சிங்களத்தில் இரண்டு பக்கம் அடித்தேன். அந்தப் பெட்டிசத்தை எடுக்கிற கந்தோரில் எனக்குத் தெரிந்த ஒருவர், கையெழுத்து மட்டும் போதாது, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் விலாசமும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டும், இல்லாவிட்டால் குப்பைக்கூடைக்குத்தான் போகும் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. நானும் கந்தோர்க்காரிதானே.

முதல் கையெழுத்து லேன் வாசலில் இருந்த சிங்கள மிஸ் போட்டார். பெரியாஸ்பத்திரியில் தாதியாக இருந்து இளைப்பாறினவர். சிங்களக் குடும்பங்களும், மூலையில் இருந்த முஸ்லிம் குடும்பமும், தமிழ் வீடுகளில் பாதியும் போட்டன. பதினெட்டு சேர்ந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் பேனையைத் தொடவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்த வீட்டை எரித்தார்கள், பிறகு அவர் அதே இடத்தில் திருப்பிக் கட்டினார். என்னைக் கதிரையில் இருத்தி, தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"பிள்ளை, பேரையும் அட்ரஸையும் ஒரு தாளில எழுதி அவங்கட கையில குடுக்கிற வேலை எங்களுக்குச் சரிவராது. அண்டைக்கு எரிக்க வந்து என்ர கேற்றில நிண்டவனிட்டையும் இருந்தது எங்கட பேர் எழுதின ஒரு தாள்தான்."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்படிப் பயந்து பயந்துதான் எங்கள் சனம் உருப்படாமல் போனது என்று அவர் முகத்துக்கே சொன்னேன். வயதுபோன மனிதர் தாளை மடித்துத் தந்தார். அந்த மடிப்பைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல் கூடியது.

அதே எரிச்சலோடு மிஸ்ஸின் வீட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே ஓர் அனெக்ஸில் மன்னாரிலிருந்து வந்த ஒருத்தி வாடகைக்கு இருந்தாள். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். கணவன் வெளிநாட்டில், ஆளைக் கண்டு ஆறு வருஷம். விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தாள், எம்பசியில் நேர்முகத்துக்கு நாளும் கிடைத்துவிட்டது, இன்னும் நான்கு கிழமை. முதலில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். அங்கே அடிக்கடி சோதனை என்பதால் எங்கள் பக்கம் மாறியிருந்தாள். பின்னேரங்களில் அந்தக் காணி ஓரம் நானும் அவளும் நடப்போம். அவளுக்குக் கொழும்பில் வேறு நடக்க இடம் இருக்கவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லவேண்டும். அந்த நாளில் ஒரு தமிழ் ஆள் எந்த வீட்டில் தங்குகிறாரோ அந்த விலாசத்தில் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும். அவளுடைய பதிவு கொட்டாஞ்சேனை லொட்ஜில்தான் கிடந்தது. மாற்றப் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், நேர்முகம் முடியட்டும் என்று விட்டிருந்தாள். மிஸ்ஸுக்கு இந்த வில்லங்கம் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

அவள் பெயரை எழுதிவிட்டு, பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, எந்த அட்ரஸைப் போட?"

"இருக்கிற அட்ரஸைப் போடும். பொய் விலாசம் போட்டால் பெட்டிசம் செல்லாது."

இதுதான் நான் சொன்னது. அவளுக்கு வரப்போகிற கேட்டைப் பற்றி ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. தாள் சரியாக இருக்கவேண்டும், அந்தப் பெரியவரின் இடத்தில் ஒரு பெயர் வரவேண்டும், அவ்வளவுதான் என் மண்டைக்குள் இருந்தது. அவள் உருண்டை எழுத்தில் அனெக்ஸின் விலாசத்தை எழுதினாள். பத்தொன்பதாவது.

பெட்டிசம் கொடுத்துப் பத்து நாள் இருக்கும். அதை யார் யாருக்குக் கொப்பி எடுத்து அனுப்புவார்கள் என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. ஒன்று பொலிஸுக்கும் போயிருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேர் அந்தக் கொப்பியோடு லேனுக்குள் வந்து, வீடு வீடாகப் பெயரை வாசித்து, பதிவோடு ஒத்துப்பார்த்து அடையாளம் இட்டுக்கொண்டு போனார்கள். மண் கொட்டினதைப் பற்றி ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பத்தொன்பதாவது பெயருக்கு வந்தபோது மன்னார் அடையாள அட்டை, கொட்டாஞ்சேனைப் பதிவு, வெள்ளவத்தை விலாசம். ஏன் இரண்டு இடம் என்று கேட்டார்களாம். ஒரு மணித்தியாலத்தில் அனுப்பிவிடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள்.

மிஸ் என் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். பொலிஸில் என்னுடைய அழகான சிங்களம் முழுவதையும் அவிழ்த்துவிட்டேன். பெட்டிசத்தின் கொப்பியை நீட்டி, இது காணி விஷயம், நான்தான் எழுதினேன், நான்தான் விலாசத்தையும் போடச் சொன்னேன் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காணிக் கதை வேறு, இது வேறு, நோனா, வீட்டுக்குப் போங்கள் என்றார். எனக்கு முன்னாலேயே வந்திருந்த மிஸ், அங்கே கிடந்த மர வாங்கில் இருந்து அழுதார். தன் வீட்டில் இருந்த பெண்ணைத் தன் கையெழுத்துக்குக் கீழே வைத்தே பிடித்துவிட்டார்களே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

முதல் கிழமை போனது, இரண்டாவது போனது. உடுப்பும் சவர்க்காரமும் கொண்டுபோய்க் கொடுத்தோம், ஆளைக் காட்டவில்லை. நேர்முக நாளும் வந்தது. அன்றைக்கு நான் கந்தோரில் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு அவளுடைய நேரம். பதினொன்றுக்கு எழும்பிப் போய் முகம் கழுவினேன்.

இதற்குள் லேனில் டிப்பர் வருவது நின்றுவிட்டது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. எதிர்வீட்டுப் பெரியவர்தான் ஒரு நாள் கேற்றடியில் மறித்துச் சொன்னார். அந்த லேனில் ஒரு பெட்டையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அது பொலிஸ் கண் வைத்த இடம் என்ற கதை லண்டன் வரைக்கும் போய்விட்டதாம். அட்வான்ஸ் கட்டினவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கேட்கிறார்களாம். அவருடைய மருமகனும் கேட்டு வாங்கிவிட்டானாம். கம்பனி கையைக் கழுவிவிட்டது. சில மாதத்தில் கால்வாய் ஒதுக்குநிலம் என்று ஒரு பலகையும் நட்டார்கள். என் இரண்டு பக்கச் சிங்களத்தை யாராவது வாசித்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மாரி மழை பிடித்தது. காணி நிறைந்து கிடந்தது, லேன் காய்ந்து கிடந்தது. சனம் என் வீட்டுக்கு வந்து கைகொடுத்தது. ஒரு வீட்டுக்காரர் கேக்கும் கொண்டுவந்தார். அதை நான் வாயில் வைக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் வரவில்லை. அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவளை விட்டது இருபத்தாறாம் நாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை, பதிவு இருந்த கொட்டாஞ்சேனை லொட்ஜுக்கே போய்விட்டாள். ஒரு ஞாயிறு பகல் என்னிடம் வந்தாள். அரைவாசி ஆளாகியிருந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் வரவில்லை. அவள் கேட்டது காணியைப் பற்றி. இருக்கிறது என்றேன். நல்லது என்றாள். அதில் குத்தல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நேர்முகத்துக்கு ஏன் வரவில்லை என்று எம்பசிக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டாள். அடித்துக் கொடுத்தேன். அவள் வாசித்து, ஒரு வரியில் விரலை வைத்தாள். அதில், விலாசத்தைத் தவறுதலாக மாற்றி எழுதியதால் என்று இருந்தது.

"நான் பிழையா எழுதேல்லை அக்கா. நீங்கள் சொன்னதைத்தானே போட்டனான்."

குரலை உயர்த்தாமல், பள்ளிக்கூடப் பிள்ளையின் கணக்கைத் திருத்துகிற மாதிரிச் சொன்னாள். நான் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று அடித்தேன். நான் எழுதிய பெட்டிசத்தில், நான் சொன்னபடி என்று போட்டேன். கீழே கையெழுத்து வைத்து, என் பெயரை எழுதி, விலாசம் எழுதப் போனபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"அட்ரஸைப் போடாதீங்கோ அக்கா. உங்களுக்கு ஏன் கரைச்சல். பேர் மட்டும் காணும்."

நான் போட்டேன். அதனால் பதிலும் என் விலாசத்துக்கே வந்தது. அந்த விண்ணப்பம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து புதிதாகப் போடவேண்டும் என்று நான்கு வரி. எடுத்துக்கொண்டு அன்றைக்கே கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். அவள் முந்தின கிழமையே அறையை விட்டுப் போய்விட்டதாக லொட்ஜ்காரர் சொன்னார். எங்கே போகிறாள், கடிதம் வந்தால் எங்கே அனுப்புவது என்று தான் கேட்டதாகவும், ஒரு விலாசமும் எழுதித் தர மறுத்துவிட்டாள் என்றும் சொன்னார்.

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.