நல்லையாவின் பின்பம்பர் சாமி

விடிந்ததும் நல்லையா காரின் பின்பக்கமாகப் போய் நிற்கிறார். பின் பம்பரில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, மூன்று விரலால் திருநீறு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டுகிறார். முன்பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. அங்கே ஆகாய விமானத்துக்கு இருப்பது போல ஒரு வெள்ளி மூக்கு பளபளக்கிறது. அமெரிக்காக்காரன் அந்த மூக்கைச் செய்யவே ஆறு மாதம் எடுத்திருப்பான். அதற்கு ஒரு பொட்டுகூடக் கிடையாது. சூடம் எரிகிற நேரத்தில் யாராவது பின்னால் குறுக்கே போய்விட்டால் போதும், "தள்ளு, தள்ளு! சாமி நிக்கிற எடம்!" என்று விரட்டுவார். கோழி, குழந்தை, கங்காணி என்ற பேதமெல்லாம் இல்லை. முப்பது வருஷம் கூடக் குடும்பம் நடத்தும் இருளாயி அக்காவையே அப்படி விரட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்கா விளக்குமாறோடு தள்ளிப்போய், "ஆமா, என் காத்துப் பட்டா ஒங்க சாமி தேஞ்சிருவாரு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் கூட்டினார்.

கார் ஸ்டூடிபேக்கர் சாம்பியன். ஐம்பதாம் ஆண்டு பிறந்தது. எங்கள் ஊர் ஓப்பநாயக்கவில் அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி முடித்த ஆள் இதுவரை இல்லை. பாதியிலேயே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதனால் ஊர் மொத்தமும் சேர்ந்து 'பேக்கரி' என்று வைத்துவிட்டது. "பேக்கரி வந்திருச்சா?", "பேக்கரி பெல்மதுளைக்குப் போயிருக்கு" என்றுதான் பேச்சு. புதிதாக வந்த பொலிஸ்காரர் ஒருவர் பெயரைக் கேட்டுவிட்டு, "பான் தியெனவாத?" என்றாராம். பாண் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்கிறார். நல்லையா முகம் மாறாமல் அதே சிங்களத்தில், இப்போதுதான் தீர்ந்தது மஹத்தயா, நாளைக்கு வாங்க என்றாராம். மறுநாள் அவர் பையோடு வந்து நின்றார் என்பது நல்லையா சேர்த்துச் சொல்வது. அவர் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவேன். மீதிப் பாதியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி மற்றவர்களுக்குச் சொல்வேன்.

ஆள் சின்னவர். சீட்டில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும். எதிரே வருகிறவர்களுக்கு நல்லையா தெரிய மாட்டார். ஒரு தலைப்பாகை மட்டும் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வருவது தெரியும். மேலே ஒரு காக்கிக் கோட்டு. அது எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய தொரையின் கோட்டு. நல்லையா போக மிச்சமிருக்கும் இடத்தில் இன்னொரு நல்லையாவைக் குடிவைக்கலாம்.

காரும் தொரையுடையதுதான். நல்லையா அவருக்கு டிரைவராக இருந்தவர். ஐம்பத்தெட்டில் தொரை சீமைக்குத் திரும்பும்போது சாவியை நல்லையாவின் கையில் வைத்து, "இதையும் கப்பலில் ஏற்ற முடியாது, உன்னையும் ஏற்ற முடியாது, இரண்டு பேரும் ஒன்றாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து அது வாடகைக்கு ஓடும் ஹயர் கார். கல்யாணம், காய்ச்சல், கண்ணாஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் எங்கள் தோட்டத்தில் பேக்கரிதான்.

பின் பம்பரில் என்ன சாமி என்று தெரிய வேண்டுமானால் எங்கள் தோட்டத்து மேட்டைத் தெரிய வேண்டும். தேயிலை ஸ்டோருக்கும் நாங்கள் குடியிருக்கும் லயங்களுக்கும் ஏறிப்போகிற ரோடு அது. அதில் நடந்து ஏறினால் மூக்கு ரோட்டில் உரசும். அந்த மேட்டின் நட்டநடுவில் ஒரு சங்கிலிக் கேட்டு. கொழுந்து களவு போகிறது என்று அதை எப்போதும் பூட்டியே வைக்கச் சொல்லி உத்தரவு. வாச்சர் கந்தையா மேலேயிருந்து சாவியோடு இறங்கி வந்து பூட்டைத் திறப்பதற்குள் பக்கத்துச் செடியில் புதுக் கொழுந்து வந்துவிடும். அதுவரை கார் மேட்டில் நிற்க வேண்டும். மற்றக் கார்கள் நின்று கிளம்பும்போது, டிரைவர் பிரேக்கிலிருந்து காலை மாற்றுகிற அந்த ஒரு நொடியில் பின்னால் உருண்டுவிடும். பின்னால் பள்ளம். அதனால் மற்ற டிரைவர்கள் வந்தவர்களை எல்லாம் அடிவாரத்திலேயே இறக்கிவிடுவார்கள், நோயாளியானாலும் நடைதான்.

பேக்கரி உருளாது. மேட்டில் நிறுத்தி, கிளச்சை மிதித்தபடி நல்லையா பிரேக்கை விட்டுவிட்டு வெற்றிலைகூடப் போடுவார். கார் ஒட்டவைத்த மாதிரி நிற்கும். முனியாண்டி பின் பம்பரில் தோள் கொடுத்து நிற்கிறார் என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். நல்லையாவும் மறுக்கவில்லை. "என் வண்டியில வந்தவங்க யாரும் எறங்கி நடக்கப்படாது" என்பது அவர் பேச்சு. ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்வார். கேட்க ஆள் இல்லாவிட்டால் ஸ்டியரிங்கிடம் சொல்வார்.

தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் ஞானசேகரம் யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர். காரோடு வந்த இங்கிலீசுப் புத்தகத்தை ஒருநாள் வாசித்துவிட்டு, "முனியும் இல்லை ஒண்டும் இல்லைக் காணும். மேட்டிலை பின்னுக்குப் போகாமல் இருக்க ஒரு சாமான் பூட்டியிருக்கிறாங்கள், இஞ்சை பாரும், எழுதிக் கிடக்கு" என்றார்.

"சரிதானுங்கையா" என்றார் நல்லையா. "வெள்ளக்காரனுக்கு முனி பேரு தெரியாது. அதான் சாமான்னு எழுதிப்புட்டான்."

குதிரை வண்டில் செய்த அண்ணன் தம்பிகள் நூறு வருஷத்துக்கு முன் தொடங்கிய கொம்பனி அது என்றும் அந்த ஐயாதான் சொன்னார். நல்லையாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. அதே ஐயாதான் அறுபத்தாறில் பேப்பரோடு வந்து, காரின் மேல் கை வைத்துக்கொண்டு, "நல்லையா, உம்மடை கொம்பனி இனிக் கார் செய்யாதாம். பூட்டியாச்சு" என்றார்.

நல்லையா ஐயாவின் கையைப் பிடித்துக் காரிலிருந்து பத்தடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "மெதுவாப் பேசுங்கையா. கேட்டுறப் போவுது" என்றார். பிறகு கேட்டார்: "அப்ப பெத்துப் போட்ட காருகள யாருங்கையா பாக்கிறது?"

எதற்கும் ஒரு பைலில் பதில் வைத்திருக்கும் ஞானசேகரம் ஐயா, மூக்கில் இருக்கும் கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடினார்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் நல்லையாதான் பார்த்தார். கண்ணாடி துடைப்பான் தையல் மெஷினிலிருந்து வந்தது. ஹோர்ன் ஒரு லொறியிலிருந்து வந்தது; அடித்தால் யானை வழிவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கையோடு வந்துவிடும். இரண்டு தடவை வந்தும் இருக்கிறது. கப்பலில் கார்ச் சாமான் வருவதே நின்றுபோன இந்த எழுபத்து மூன்றிலும் பேக்கரி மேட்டில் நின்றது. போன மாசி மாதம் வரை.

அன்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் லயத்து வெள்ளையம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தோம். கொழுந்து மலையில் விழுந்து கால் உடைந்து, காலில் மாக்கட்டு. வெள்ளையம்மா ஏறினால் கார் மட்டுமல்ல, ஓப்பநாயக்கவே ஒரு பக்கமாகச் சாயும். இப்போது மாக்கட்டும் சேர்ந்துவிட்டது. நான் முன் சீட்டில். கேட்டில் நின்றோம். நல்லையா பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் பின்னால் போனது.

இரண்டடிதான். நல்லையா மறுபடி பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். ஆனால் அந்த இரண்டடியில் எனக்கு என் கல்யாணம்வரை ஞாபகம் வந்துவிட்டது. நல்லையா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "முனி கால மாத்திக்கிட்டாரு" என்றார். குரல் அவருடையது போல இல்லை.

மறுநாள் பெல்மதுளையில் நிலாமின் கராஜுக்குப் போனோம். நிலாம் காரின் அடியில் படுத்து, கழற்றி, எண்ணெய்க் கையோடு வெளியே வந்து நல்லையாவின் உள்ளங்கையில் ஒன்றை வைத்தான். பிள்ளைகள் உருட்டி விளையாடும் போளை அளவில் ஓர் இரும்பு உருண்டை.

"இந்தாங்க அண்ணன், ஒங்கட முனி. வண்டி மேட்டுல நிண்டா இது பின்னுக்கு உருண்டு பிரேக் எண்ணெய அடைச்சிப் புடிக்கும். கிளச்ச விட்டாத் தொறக்கும். ரப்பரெல்லாம் தேஞ்சி மௌத்து. இதுக்கு இனிச் சாமான் இல்ல. கொம்பனியும் மௌத்துத்தானே. நான் பைப்ப நேரா இழுத்து உட்டிருக்கன், பிரேக் நல்லாப் புடிக்கும். மத்தக் கார் மாதிரி ஓட்டுங்க."

மற்றக் கார் மாதிரி என்ற சொல்தான் குத்தியிருக்க வேண்டும். நல்லையா உருண்டையை விரலால் உருட்டினார். "இத்தனூண்டா?" என்றார். "வெள்ளையம்மாவப் புடிச்சு நிறுத்துனது இதா?"

வீட்டுக்கு வந்து காரின் மேல் படங்கைப் போட்டு மூடினார். பதினொரு நாள் மூடியே கிடந்தது. காலையில் திருநீறு இல்லை, சூடம் இல்லை. கோழிகள் பின் பம்பரில் ஏறி நின்று ஊரைப் பார்த்தன; விரட்ட ஆள் இல்லை. ஹயர் கேட்டு வந்தவர்களிடம் கார் இனி ஓடாது, விற்கப்போகிறேன் என்றார்.

பன்னிரண்டாம் நாள் வெள்ளையம்மாவின் மகன் வந்தான். வியாழக்கிழமை மாக்கட்டு வெட்ட வரச் சொல்லித் துண்டுச்சீட்டு கொடுத்திருக்கிறார்கள். வேறு காரில் போனால் திரும்பி வரும்போது அடிவாரத்தில் இறக்கிவிடுவார்கள், அம்மா எப்படி ஏறும் என்று கேட்டுவிட்டு நின்றான். நல்லையா உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் இருளாயி அக்கா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பலாக்கட்டையைச் செதுக்கினார். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் சரிவு. நல்லையா தோள்துண்டின் முனையில் முடிந்து வைத்திருந்த உருண்டையை ஒருதரம் பார்க்கலாம் என்று நான் போயிருந்தேன். நல்லையாவுக்குக் கட்டை எதற்கு என்று புரிந்த உடனே கோபம் வந்துவிட்டது.

"கட்டையா? என் வண்டிக்கா? ஓட்ட பஸ்ஸுக்கு வைக்கிற மாதிரி டயருக்குக் கட்ட வைக்கணுமா? ஊரு சிரிக்காதா?"

"கட்டைன்னு யாரு சொன்னா? நான் சூடம் கொளுத்த எறங்குறேன். பொம்பள குனிஞ்சு சாமி கும்புடுறப்ப எவன் வந்து எட்டிப் பாக்கப்போறான்?"

"நீ எறங்குவியா?"

"பின்ன, ஒங்க முனியா எறங்குவாரு? அவருதான் துண்டுல முடிஞ்சி கெடக்குறாரே."

வியாழக்கிழமை பேக்கரி போனது. மாக்கட்டு வெட்டியாயிற்று. திரும்பி வந்து கேட்டில் நின்றோம். நல்லையா பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருக்க, பின் சீட்டிலிருந்து இருளாயி அக்கா மடியில் ஒரு சேலை மூட்டையோடு இறங்கினார். எனக்குத் திரும்பிப் பார்க்க ஆசை. கழுத்து தானாகத் திரும்பியது. அப்போது வெள்ளையம்மா பின்னாலிருந்து லயமே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்:

"எல்லாரும் முன்னால பாருங்க! சாமி நேரம்!"

பார்த்தோம். அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். கேட்டுக்கு மேலே சாவியோடு நின்ற கந்தையாவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு பூட்டைத் தடவித் திறந்தார். சூடம் வாசம் வந்தது. நல்லையா பிரேக்கை விட்டார். கார் ஒட்டவைத்த மாதிரி நின்றது. அப்புறம் இழுத்துக்கொண்டு ஏறியது.

ஏறிய கார் ஸ்டோர் முற்றம் வரும்வரை நிற்க முடியாது. இருளாயி அக்கா புகைக்குள் குனிந்து கட்டையை எடுத்து, சேலைத்துண்டில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பின்னால் நடந்து வந்தார். நல்லையா கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். மேலே போய் எல்லாரும் இறங்கிய பிறகும் என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்து, "என்னா முழிக்கிறீங்க, எறங்கிக் கஞ்சியக் குடிங்க" என்றார். யாரும் இறங்கி நடக்கக்கூடாது என்ற பேச்சை அன்றைக்கு நல்லையா சொல்லவில்லை. அதற்குப் பிறகும் நான் கேட்கவில்லை.

இப்போது ஆறு மாதமாக எல்லாப் பயணத்திலும் அக்கா இருக்கிறார். பேக்கரியில் சூடம் கொளுத்தும் வழக்கம் வந்திருக்கிறது என்று பக்கத்துத் தோட்டங்களில் பேசிக்கொள்கிறார்கள்.

நேற்றுக் காலையில் பலாங்கொடைக்குப் போக நான் வெள்ளனவே வந்துவிட்டேன். நல்லையா பம்பரைத் துடைத்து முடித்துத் திருநீறு குழைத்துக்கொண்டிருந்தார். இருளாயி அக்கா டிக்கியைத் திறந்து கட்டையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தவர், சூடம் பற்றிக்கொண்டதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேலையை ஒதுக்கினார். "இருங்க, இருங்க, தள்ளிக்கிறேன்."

"நில்லு" என்றார் நல்லையா.

அக்கா ஒரு கை டிக்கியில் இருக்க அப்படியே நின்றார். நல்லையா தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, சூடத்தட்டை மூன்று தரம் சுற்றினார்.