ஜெயக்கொடியம்மாள் மேல் ஐந்து ஆங்கிலச் சொற்கள்

பரளச்சிக்கும் திருச்சுழிக்கும் நடுவே, கரிசல் காட்டுக்குள் ஒரு சின்னச் சபை. ஊர்ப்பெயர் வேண்டாம், எதற்கெடுத்தாலும் மனு எழுதுகிற ஊர் அது.

அந்தச் சபையின் வேதஸ்திரீ ஜெயக்கொடியம்மாள். மிஷனில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஊர் ஊராக நடந்து, பெண்களுக்கு வேதக்கதை சொல்கிற உத்தியோகம். புருஷன் கொழும்புக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகியும் கடிதம் இல்லை. இந்த உத்தியோகம்தான் சோறு. குடையை மடக்கி வரப்பில் வைத்துவிட்டு, காட்டில் இறங்கி, மற்றவர்களோடு பருத்தி எடுத்துக்கொண்டேதான் கதை சொல்வார். சும்மா நின்று பேசுகிறவளை யார் மதிப்பார்கள்?

அவரிடம் இருந்த ஒரே குறை, கதை வேதத்தோடு நிற்காது. வேதத்தில் ஒரு சகோதரச் சண்டை வந்தால், பக்கத்து ஊரில் நடக்கும் பாகப்பிரிவினைக்கும் ஒரு நடை போய்வருவார். கேட்கிறவர்களுக்கு எது எந்தக் காலம் என்ற குழப்பமே வந்ததில்லை. இரண்டும் நேற்று நடந்ததுபோல்தான் இருக்கும்.

1944. சீமெண்ணெய்க்கு ரேஷன். ஒரு நாள் பருத்திக் காட்டில், விளக்கில் எண்ணெய் தீர்ந்துபோன கன்னிப்பெண்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எண்ணெ எப்பிடித்தா தீந்துச்சு?" என்று கேட்டாள் கருத்தம்மாள். அவள் சபைக்காரி அல்ல, கதை கேட்க வருகிறவள்.

"அது வேதத்துல எழுதல. எங்க கோயில் எண்ணெ எப்பிடித் தீருதுன்னு வேணா சொல்றேன். கோயில்ல இருட்டுக்குள்ள ஜெபம் பண்றோம். ஊருக்குள்ள ஒரு வீட்டுல ரெண்டு அரிக்கேன் வெளக்கு எரியுது. கதவிடுக்கு வழியா வெளிச்சம் ரோட்டுக்கு வருது."

"யாரு வீடுத்தா?"

"வீட்டுக்குப் பேரு வைக்கிறது என் சோலி இல்ல."

ஜெயக்கொடியம்மாள் வீடு திரும்பும் முன்பே இந்தப் பேச்சு திரும்பிவிட்டது. போய்ச் சேர்ந்த இடம், பள்ளிக்கூட வாத்தியாரும் சபைச் செயலாளருமான வேதமுத்து வீடு. சபையின் எண்ணெய் டின் அவர் பொறுப்பில் இருந்தது.

வேதமுத்து சாதாரண மனிதர் அல்ல. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை, கப்பலில் ஏற்ற மனமில்லாமல் விட்டுப்போன பழைய ஆங்கில அகராதி ஒன்று அவரிடம் இருந்தது. ஆங்கிலேயர்களே பேசி அலுத்துக் கழித்துவிட்ட சொற்களெல்லாம் அதில் பத்திரமாக இருந்தன. இரண்டு அரிக்கேன் வெளிச்சத்தில் அவர் அதைப் புரட்டி, டவுனில் இருந்த மிஷன் துரைசானிக்கு ஒரு மனு எழுதினார். அதன்படி ஜெயக்கொடியம்மாள் ஒரு டாட்லர், ஒரு பிளாதர்ஸ்கைட், ஒரு பிளிபர்ட்டிஜிபெட். அவர் செய்யும் தொழில் கிளிஷ்மக்ளேவர். அவர் வாயிலிருந்து வருவது டாரடிடில்.

துரைசானிக்கு அவற்றில் இரண்டு சொல் புரிந்ததாகக் கேள்வி. மனுவைப் போதகர் தங்கசாமிக்கு அனுப்பி, சபை விதிப்படி விசாரிக்கச் சொன்னார். குற்றவாளி சபை முன் நின்று தன் குற்றத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். புண்பட்டவர் எழுந்து "மன்னித்தேன்" என்று சொல்ல வேண்டும். அதன்பிறகே நற்கருணையின் அப்பமும் ரசமும் கிடைக்கும். மறுத்தால் நற்கருணையும் இல்லை, உத்தியோகமும் இல்லை. இந்த விதியை நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதிவைத்தவர் வேதமுத்துதான். முதல் பாதியைப் படித்துச் சந்தோஷப்பட்டவர், இரண்டாம் பாதியைப் படிக்காமல் விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியது. பண்டிகைக்குக்கூட வராதவர்கள் முன்வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். கருத்தம்மாளும் பருத்திக்காட்டுப் பெண்களும் வெளியே ஜன்னலோரம் நின்றார்கள்.

போதகர் மனுவைப் பிரித்தார். பிளிபர்ட்டிஜிபெட்டில் நாக்கு சிக்கி, வேதமுத்துவிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். வேதமுத்து கணீரென்று வாசித்தார்.

"வாத்தியாரய்யா, தமிழ்ல சொல்லுங்க. எதுக்கு நிக்கிறேன்னு தெரிஞ்சுக்கிறேன்" என்றார் ஜெயக்கொடியம்மாள்.

"முதலாவது, கோள் சொல்றவ. ரெண்டாவது, வெறும்வாய்ப் பேச்சுக்காரி. மூணாவது, லொடலொடன்னு பேசுறவ. நாலாவது, ஊர்க்கதை. அஞ்சாவது, சின்னப் பொய்."

"வெள்ளைக்காரவுகளும் இவ்வளவு பேசியிருக்காகளா? பேசாமயா இத்தனை பேரு வச்சாக?"

ஜன்னலில் சிரிப்பு கேட்டது. போதகர் மேசையைத் தட்டினார். "ஜெயக்கொடி, சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேளும்மா. விதி அப்படி."

"சொல்றேன் அய்யா. கோயில் சீமெண்ணெ ஒரு வீட்டுல எரியுதுன்னு காட்டுல வச்சுச் சொன்னேன். வீட்டுப் பேரு சொல்லல, இப்பவும் சொல்ல மாட்டேன். அதுல மனசு புண்பட்டவுக எந்திரிக்கட்டும். அவுக கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கிறேன்."

போதகர் விதியைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார். "புண்பட்டவர் எழும்பலாம்."

வேதமுத்து ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். மனு வாசிக்க எழுந்தவர்தான். இருநூறு கண்கள் அவர்மேல் திரும்பின. மனித வரலாற்றில் அவ்வளவு வேகமாக ஒரு சபைச் செயலாளர் உட்கார்ந்ததில்லை. பாயில் இடம் தவறிப்போய்ப் பக்கத்திலிருந்த மரியராஜ் மடியில் உட்கார்ந்தார். மரியராஜ், தானும் புண்பட்டவனாகிவிடக் கூடாதே என்று சட்டென்று நகர்ந்துகொண்டான்.

போதகர் மூன்று முறை கேட்டார். எழும்ப ஆளில்லை.

"புண்பட்டவர் இல்லாத குற்றத்தை நான் எந்தக் கணக்கில் எழுத?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டு, போதகர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "சரிம்மா. இனிமேல் வேதக்கதை தவிர வேறு பேச மாட்டேன் என்று இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு. துரைசானிக்கும் ஆறுதலாயிருக்கும்."

உத்தியோகத்துக்கு ஒரு கையெழுத்துத்தான் தூரம். ஜெயக்கொடியம்மாள் தாளை வாங்கவில்லை.

"பேசாம வேதத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேக்கணும்னா, புஸ்தகத்தைத் தபால்ல போடுங்க அய்யா. எனக்கு ஆகுற சம்பளமாச்சும் மிச்சம். நான் போனா பேசத்தான் செய்வேன்."

போதகர் ஜன்னலைப் பார்த்தார். பக்கத்து ஊர்ப் பெண்கள் இத்தனை பேரைக் கோயில் வாசலுக்கு அவர் பிரசங்கம் ஒரு நாளும் கொண்டுவந்ததில்லை. பிறகு தாளை மடித்து, பாட்டுப் புஸ்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, நற்கருணைக்கு அழைத்தார்.

முதல் ஆளாக முழங்காலிட்டவர் ஜெயக்கொடியம்மாள். வேதமுத்து அன்று தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார்.