எழுதாமல் விட்ட ஒரு கைப்பிடி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவடி பருத்திப்பட்டில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு நடந்தது இது. நேரம் உட்படச் சொல்ல முடிகிறதென்றால், காரணம் நான் விடாமல் எழுதிவரும் டைரி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். மனைவி எட்டு வருடமாக வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். எடை பார்ப்பது, லேபிள் அடிப்பது என் பொறுப்பு. அதை முறையாகச் செய்யவேண்டும் என்று, நம் நாட்டு உணவுச் சட்டத்தின் அடிப்படைகளைச் சொல்லித்தரும் தபால்வழிப் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஐம்பத்தொரு வயதில் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டுப் படித்தேன். "ஏங்க, வக்கீலாயிட்டா எனக்கு ஃபீஸ்ல தள்ளுபடி உண்டா?" என்று மனைவி கேலி செய்வாள்.

பொடியில் சேர்ப்பவற்றை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும், ஒவ்வாமை தரக்கூடியவற்றைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்று படித்த வாரமே லேபிளை மாற்றினேன். மனைவி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்: உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், உப்பு, பெருங்காயம். பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதால் அதையும் விடாமல் குறித்தேன். அந்த லேபிளைப் பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எங்கள் சரக்கைக் கடைகளுக்கு ஏற்றிச்செல்லும் ஆட்டோக்காரர் முதல் முறையாகத் தன் வீட்டுக்கென்று ஒரு பாக்கெட் எடுத்தார். சேக்காட்டில் இருப்பவர். "வேர்க்கல்ல கீதா சார் இதுல? நம்ம ஊட்டுக்காரிக்கு அது ஆவாது. ஒருவாட்டி தெரியாம துன்னுட்டு, மூச்சு அடச்சிக்கினு ஆஸ்பத்திரில சேத்தோம்" என்றார். பாக்கெட்டைத் திருப்பி லேபிளைக் காட்டி, இதில் எழுதாத எதுவும் உள்ளே இல்லை என்றேன். அப்படிச் சொன்னதையும் அன்றைய டைரியில் எழுதிவைத்தேன்.

ஞாயிறு காலை, பாடத்துக்கான ஒப்படைப்பு எழுத உட்கார்ந்தேன். ஏதாவது ஓர் உணவுத் தயாரிப்பை நேரில் பார்த்துப் படிப்படியாக எழுத வேண்டும். நோட்டும் பேனாவுமாகச் சமையலறையில் போய் நின்றேன். அவள் பொடிக்கு வறுப்பதை முதலிலிருந்து நின்று பார்த்தது அன்றுதான். ஆறாவது படியை எழுதிக்கொண்டிருக்கும்போது, மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, ஒரு கைப்பிடி எதையோ வாணலியில் போட்டாள்.

"அது என்ன?"

"வேர்க்கடலை. அந்த ருசிக்குத்தான் கடைல கேட்டு வாங்குறாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க லேபிள்ல போட்டுடுவீங்களே."

ஆட்டோக்காரருக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கரை தாண்டுகிற வரை மனதில் ஒன்றுதான் ஓடியது: ஞாயிற்றுக்கிழமை, எல்லார் வீட்டிலும் இட்லியாக இருக்கும்.

அவர் வீட்டிலும் இட்லிதான். தட்டில் பொடியைக் குழித்து எண்ணெய் ஊற்றி அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாக்கெட்டை அன்றுதான் பிரித்திருக்கிறார்கள். அவர் மனைவி அடுப்பிலிருந்து அடுத்த ஈட்டை இறக்கிக்கொண்டிருந்தார். இன்னும் சாப்பிட உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். ஆட்டோக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார், கோதுமை வரிக்கும் எழுதிகினு, கல்லைய உட்டுட்டியே."

அதுவரை என்னிடம் ஒருமையில் பேசாதவர். அவர் மனைவி சத்தம் போடவில்லை. "நான்தான் சார் கேட்டு வாங்கியாரச் சொன்னேன். கேட்டும் இப்டின்னா, இன்னும் எப்டிதான் கேக்குறது?" என்றார். தட்டையும் பொடி பட்ட இடத்தையும் ஆட்டோக்காரரே கழுவினார். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பியபோது, "டீ துன்னுட்டு போ சார், மூஞ்சி வெளுத்துகீது" என்றார். பதற்றத்தில் அவர் டீயைத் தின்னச் சொன்னதைக் கேட்டு அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட் போனது என்று டைரியில் இருந்தது. மதியத்துக்குள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட்டேன். அப்படித் திரும்பப் பெறுவது பற்றிய பாடம் அதற்கு மூன்று பாடம் தள்ளித்தான் வந்தது. திரும்பி வந்த பாக்கெட்டுகளைப் பார்த்து மனைவிக்குக் கோபம். சாயங்காலம் அவளாகவே வந்து, "எழுதுங்க. ஆனா எவ்ளோ போடறேன்னு எழுதக்கூடாது" என்றாள். நம் பொடிக்கு அந்த அளவைச் சட்டம் கேட்கவில்லை என்று புத்தகத்தைத் திறந்து காட்டினேன். சமாதானமானாள்.

கடலை இல்லாமல் அரைத்துத் தர முடியுமா என்று ஆட்டோக்காரர் மனைவி கேட்டார். எங்கள் வாணலியிலும் மிக்ஸியிலும் கடலை பட்டிருக்கும், வேண்டாம் என்றேன். பதிலாக என் மனைவி போனில் கடலை சேர்க்காத பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தாள். எட்டு வருடம் யாருக்கும் சொல்லாத வறுப்புப் பக்குவம். இப்போது அவர்கள் வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறார்கள். "எங்க ஊட்டுப் பொடிதான் சார் ஒசத்தி" என்று சரக்கு ஏற்றும்போதெல்லாம் சொல்கிறார் ஆட்டோக்காரர். விற்பனை குறையவில்லை.

தேர்வில் தேறி, சான்றிதழும் வந்தது. பீரோவில் இருக்கிறது. ஆனால் நான் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது அந்த ஒப்படைப்பு நோட்டைத்தான். ஆறாவது படியில் பாதியில் நின்றுபோன அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம், கண்ணால் பார்க்காத ஒன்றை 'இல்லை' என்று சொல்லும் துணிச்சல் அன்றோடு என்னைவிட்டுப் போனதில் எனக்கு நிம்மதிதான்.